கேட்சரின் வலது கை

ரேடியோ நிலையத்துப் பெண் மைக்கை
என் வாய்க்கு நேரே நீட்டுகிறார்.
"நீங்கள் பந்து பிடித்த பிட்சர்களில்
யார் எல்லாரையும்விடப் பெரியவர்?"

டாவன்போர்ட்டில் இன்று மழை வரும்.
நடுவிரல் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது.

கையைக் கேளுங்கள்.
இடது கையை அல்ல, அதற்கு உறை இருந்தது,
சொகுசாக வாழ்ந்த கை அது.
வலதுதான்
மட்டையில் உரசித் திரும்பிய பந்துக்கெல்லாம்
வாசல் திறந்துவைத்த கை.

வேலி ஆணி மாதிரி வெளியே போகிறதே
இந்தச் சுண்டுவிரல்,
இது யூசேபியோ லாரினாகா.
மத்தான்சாஸிலிருந்து கப்பலேறி வந்த இடதுகைக்காரன்.
கடன் கொடுத்தவனைக் கண்டதுபோல்
அவன் பந்து
கடைசி அடியில் தெரு மாறிவிடும்.

மோதிரவிரல் இருமுறை உடைந்தது.
ஒன்று ஆமோஸ் பெட்டிகுரு.
இன்னொன்று லாரிக் கதவு,
அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நடுவிரல்
டில்லரி.
ராஸ்கோ டில்லரி.

நெப்ராஸ்காவில் ஒரு சோள ஊர்.
முப்பத்து நாலோ, ஐந்தோ.
விளக்குகளை நாங்களே லாரியில் கொண்டுபோவோம்.
ஜெனரேட்டர் இருமும்,
வெளிச்சமும் கூடவே இருமும்.
எதிரணியில் பால்பண்ணைக்காரர்கள்,
ஒரு பல்மருத்துவர்,
அவர் பல் பிடுங்கிய ஆட்கள் நாலு பேர்.

எட்டாவது இன்னிங்ஸில் வெளிச்சம்
எலுமிச்சைத் தோல் அளவுக்குச் சுருங்கியது.
இரண்டு விரல் காட்டினேன். தலையசைத்து மறுத்தான்.
ஒரு விரல். மறுத்தான்.
மேட்டிலிருந்து மெல்ல இறங்கி வந்தான்,
ஏதோ தீப்பெட்டி கேட்க வருகிறவன் போல.
"விரலை மடக்கு.
உறையை முழங்காலுக்கு மேலே வை. அசைக்காதே."

வைத்தேன்.
அவன் காலைத் தூக்கியது தெரிந்தது.
பிறகு உறைக்குள் ஒரு கனம்.
நடுவே கிடந்த அறுபதடி ஆறங்குலத்தை
யாரோ தின்றுவிட்டார்கள்.
நடுவர் சத்தத்தைக் கேட்டு
ஸ்ட்ரைக் என்றார்.
பல்மருத்துவர் மட்டையைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை.
மூன்று சத்தம் கேட்டபின்
தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அந்த இருட்டில் டில்லரியின் பந்தைத் தொட்ட மட்டை
ஒன்றே ஒன்று.
பதினாறு வயதிருக்கும் பையனுக்கு.
தொட்டுவிட்டதற்கு அவனே பயந்துபோனான்.
அவன் தொட்டது
இந்த விரலில் வந்து முடிந்தது.

எங்கள் நிறத்துக்கு அந்த ஊரில் அறை கிடையாது.
சூப் கரண்டியை அணை கொடுத்து
விரலைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.
சன்னல் ஒன்றுக்குக் கண்ணாடி இல்லை.
யாரோ ஸ்கோர் தாளை மடித்து
அந்த ஓட்டையில் செருகினார்கள்.
இரவெல்லாம் மழை.
ஒமாஹா வரும்போது தாள் கூழ்.

பென்சிலில் அதில் பதினேழு ஸ்ட்ரைக்அவுட்.
டில்லரியைக் கேட்டால் பதினான்கு என்பான்.
பதினேழு என்றே போடுங்கள்.

தடித்த புத்தகங்கள் எனக்கும் தெரியும்.
நகர நூலகத்தில் பார்த்திருக்கிறேன்,
புள்ளிக்குப் பின்னாலும் இரண்டு இலக்கம்.
அதில் இருப்பவர்கள் பெரியவர்கள்தான்,
இல்லையென்று சொல்ல நான் யார்?
அவர்கள் எதிரே குந்தி உட்கார
என்னை விடவில்லை, அவ்வளவுதான்.
அவர்கள் பந்தைப் பற்றி
என் கைக்கு ஒன்றும் தெரியாது.

அந்தப் பெண் மைக்கைத் தாழ்த்தி
நோட்டைப் புரட்டுகிறார்.
"டில்லரி என்பதில்
எல் ஒன்றா, இரண்டா?"

யோசித்துப் பார்க்கிறேன்.
ஆறு வருஷம்,
ஒரே பஸ், ஒரே சோப்புக்கட்டி.
சம்பள மேசையில் அவன் பேனாவைத் தொட்டு
நான் பார்த்ததில்லை.
கட்டைவிரலை மையில் தோய்த்து,
பந்தைப் பிடிப்பதுபோலவே லேசாகத்
தாளில் வைத்து எடுப்பான்.

இரண்டு போடுங்கள்.

மழை வந்துவிட்டது.
அந்தச் சன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள்,
உங்கள் தாள் நனைகிறது.